மஜ்ஜை செல் ஊசி போட்டால் ஆறாத புண் ஆறிவிடுமா?

கேள்வி: மார்ச் 4, 2025

அப்பாவுக்கு வயது 63. இருபது வருடமாகச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண், பொங்கலுக்கு முன்னாலிருந்து ஆறவில்லை. வேளச்சேரியில் இருக்கிறோம். ஒரு மையத்தில் காட்டினோம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதைப் பிரித்து, புண்ணைச் சுற்றி ஊசியாகப் போட்டால் புதுச் சதை வளரும் என்கிறார்கள். மஜ்ஜையில் இருப்பது ஸ்டெம் செல்லாம், போகிற இடத்தில் அந்த உறுப்பாகவே மாறிவிடுமாம். கேட்கிற தொகைக்கு அம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டும். மகனாக இதைச் செய்யாமல் விடவும் மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு

தம்பி, நகையை வைக்காதீர்கள். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன், நாளைக் காலையில் போய்ப் பணம் கட்டிவிடாமல் இருக்க வேண்டும் என்றுதான் இந்த வரியை முதலில் எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்தவியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மஜ்ஜை ஸ்லைடு போடுவதும் சாயம் ஏற்றுவதும்தான் என் வேலையாக இருந்தது. வீட்டிலும் சர்க்கரைப் புண் பார்த்தாயிற்று. என் மச்சானுக்கு இரண்டு விரல் போயிருக்கிறது.

மார்ச் 5

புண் ஆறுவதில் மஜ்ஜைக்குப் பங்கு உண்டா என்றால், நிறைய உண்டு. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

கையில் கத்தி பட்டால் முதலில் வந்து அடைப்பது பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டு. அது மஜ்ஜையில் இருக்கும் மெகாகேரியோசைட் என்ற பெரிய செல் உடைந்து உண்டாவது. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வந்து கிருமியைத் தின்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை மஜ்ஜை தயாரிக்கிறது. அடுத்த ஓரிரு நாளில் மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் வரும். அவையும் மஜ்ஜையில் பிறந்தவைதான். ரத்தக் குழாயை விட்டு இறங்கிப் புண்ணுக்குள் நுழைந்ததும் மேக்ரோஃபேஜ் ஆகிவிடும். செத்த சதையையும் செத்த நியூட்ரோஃபில்களையும் தின்று சுத்தம் செய்வது இவைதான். சுத்தம் முடிந்ததும் குணம் மாறி, புதிய ரத்தக் குழாய் வளரவும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல் வந்து கொலாஜன் என்ற புரத நாரை நெய்யவும் சமிக்ஞை அனுப்புவதும் இவைதான்.

இதில் மேக்ரோஃபேஜ் எவ்வளவு முக்கியம் என்பதை 1970களிலேயே அமெரிக்காவில் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் கினிப்பன்றிகளில் காட்டிவிட்டார்கள். நியூட்ரோஃபில்லை ஒழித்துப் பார்த்தார்கள்: கிருமி சேராத புண் வழக்கம்போல் ஆறியது. மோனோசைட்டையும் மேக்ரோஃபேஜையும் ஒழித்தபோது குப்பை அப்படியே தேங்கியது, புதுத் திசு வருவது தள்ளிப்போனது.

சர்க்கரைப் புண்ணில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். மேக்ரோஃபேஜ்கள் அழற்சி நிலையிலேயே நின்றுவிடுகின்றன, கட்டும் வேலைக்கு மாறுவதில்லை. ஆள் இல்லாமல் புண் நிற்கவில்லை, வந்த ஆள் வேலையை முடிக்காமல் நிற்கிறது. அங்கே இன்னும் கொஞ்சம் ஆளைக் கொண்டுபோய் இறக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மார்ச் 5, இரவு

"அப்படியானால் புதுச் சதை எங்கிருந்து வருகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, இதற்குப் பதில் கிடைக்க நூறு வருடம் ஆகியிருக்கிறது.

1867இல் ஜெர்மனியில் யூலியுஸ் கோன்ஹைம் விலங்கின் ரத்த நாளத்தில் கரையாத சாயத்தை ஏற்றினார். தூரத்தில் இருந்த காயத்தில் சாயம் உண்ட செல்கள் வந்து சேர்ந்தன. நாரிழை உண்டாக்கும் செல்கள்கூட அவற்றில் இருந்ததால், காயத்தை ஆற்றும் செல்கள் எல்லாமே ரத்தத்திலிருந்துதான் வருகின்றன என்ற எண்ணம் பரவியது. 1970இல் அதே ராஸ், உடன் இருவரோடு, இரண்டு எலிகளின் உடலை ஒட்டித் தைத்து ஒரே ரத்த ஓட்டமாக்கி, ஒன்றின் செல்களுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டுப் பார்த்தார். புண்ணில் இருந்த வெள்ளையணுக்களில் அடையாளம் இருந்தது, ஃபைப்ரோபிளாஸ்டில் இல்லை. அது அருகிலுள்ள திசுவிலிருந்தே வருகிறது. மேல்தோலும் புண்ணின் ஓரத்திலிருந்தும் மயிர்க்காலிலிருந்தும்தான் ஊர்ந்து வந்து மூடுகிறது.

ரத்தத்தில் வரும் ஃபைப்ரோசைட் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு, அது கொலாஜன் செய்யும் என்று 1994இல் கண்டார்கள். ஆகவே "மஜ்ஜையிலிருந்து ஒன்றுமே இல்லை" என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் புண்ணை மூடும் பெரும்பான்மைச் சதை அந்த இடத்துச் சதைதான்.

மனித உடலிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அண்ணனின் மஜ்ஜையைப் பெற்ற தங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். மாற்று சிகிச்சை நன்றாக ஒட்டிய பிறகு அவள் விரலை அறுத்துக்கொண்டால், ஓடி வரும் நியூட்ரோஃபில்லிலும் மோனோசைட்டிலும் ஆணுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் இருக்கும், அண்ணனுடையது. மேலே மூடுகிற தோல் அவளுடைய தோல். எங்கள் ஆய்வகத்தில் இப்படிப்பட்டவர்களின் ரத்தத்தில் ஒய் குரோமோசோமைப் பார்த்துத்தான் மஜ்ஜை ஒட்டியதா என்று உறுதி செய்வோம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அதில் வியப்புக் குறைந்ததில்லை.

மார்ச் 7

மஜ்ஜை எடுப்பது எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு.

நோயாளியை ஒருக்களித்தோ குப்புறவோ படுக்க வைத்து, இடுப்புக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, பிறகு தடித்த ஊசியைத் திருகி இறக்குவார்கள். எலும்புக்குள் போனதும் கையில் ஒரு விடுபடல் தெரியும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். சிரிஞ்சை இழுக்கும் அந்த நொடிதான் வலி, நோயாளி கட்டில் விளிம்பைப் பிடிப்பார். நான் பக்கத்தில் கண்ணாடித் தட்டோடு நிற்பேன். ரத்தத்தைத் தட்டில் ஊற்றிச் சாய்த்தால் சிவப்பு கீழே வழிந்துபோய், ரவை அளவில் வெளிறிய துகள்கள் ஒட்டி நிற்கும், சுற்றிலும் கொழுப்புத் துளி மினுங்கும். அந்தத் துகளை எடுத்து ஸ்லைடில் இழுக்க வேண்டும், அதுவும் உறைவதற்குள். முதல் ஒன்றிரண்டு மில்லியில்தான் துகள் நன்றாக வரும். அதற்கு மேல் அதே இடத்தில் இழுத்தால் வருவது பெரும்பாலும் சாதாரண ரத்தம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், "அறுபது மில்லி மஜ்ஜை எடுத்தோம்" என்று யாராவது சொன்னால், ஊசியை எத்தனை இடம் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். எலும்பும் குருத்தெலும்பும் ஆகக்கூடிய மீசன்கைமல் செல் மஜ்ஜையில் பத்தாயிரத்துக்கு ஒன்றோ லட்சத்துக்கு ஒன்றோதான். மற்றதெல்லாம் ரத்த அணுக்களின் குஞ்சுகள். லீஷ்மன் சாயம் ஏற்றி நாள் முழுக்கப் பார்த்தாலும் கண்ணில் படுவது அந்தக் குஞ்சுகள்தான்.

மார்ச் 8

"எந்த உறுப்பாகவும் மாறும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஆகாயத்திலிருந்து வரவில்லை, பெரிய அறிவியல் பத்திரிகைகளிலிருந்தே வந்தது.

1961இல் டொரொன்டோவில் டில், மெக்கல்லக் இருவரும் எலிக்கு மஜ்ஜை செல்லைச் செலுத்தி, மண்ணீரலில் அது வளர்த்த முடிச்சுகளைக் கொண்டு மஜ்ஜையில் ரத்த ஸ்டெம் செல் இருப்பதைக் காட்டினார்கள். அது அசையாத உண்மை, மஜ்ஜை மாற்று சிகிச்சை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. பிறகு 1998இலிருந்து ஐந்தாறு வருடம் ஒரு அலை அடித்தது. மஜ்ஜை தசையாகிறது, ஈரலாகிறது, மூளையாகிறது என்று கட்டுரை மேல் கட்டுரை. 2001இல் ஆர்லிக், அன்வெர்சா குழு நேச்சர் இதழில் எழுதியது: மாரடைப்பு உண்டாக்கிய எலியின் இதயத்தில் மஜ்ஜை செல்லைப் போட்டால் ஒன்பது நாளில் செத்த பகுதியின் 68 சதவீதத்தைப் புதிய இதயத் தசை நிரப்பிவிட்டது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்த அன்று எங்கள் கேன்டீனில் வேறு பேச்சே இல்லை.

2004இல் அதே நேச்சரில் இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியே செய்து பார்த்துவிட்டு, மஜ்ஜை செல் இதயத் தசையாக மாறவில்லை, ரத்த அணுவாகவே இருக்கிறது என்று எழுதின. ஈரலில் நடந்ததும் மாற்றம் அல்ல, மஜ்ஜையிலிருந்து வந்த செல் பழைய ஈரல் செல்லோடு ஒட்டி ஒன்றாகிவிடுகிறது என்று 2003இல் தெரிந்தது. 2018இல் அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டும் பிரிகாம் மருத்துவமனையும் பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டன.

இதற்கு நடுவில் ஆயிரக்கணக்கான மாரடைப்பு நோயாளிகளுக்கு இடுப்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தாயிற்று. ஐரோப்பாவில் பாமி என்ற ஆய்வு 3,000 பேரைச் சேர்க்கக் கிளம்பி 375 பேரோடு நின்றுபோனது. இறப்பு குறைந்தது என்று காட்ட முடியவில்லை.

என்னைக் கோபப்படுத்துவது இதுதான்: ஆராய்ச்சி உலகம் இருபது வருடத்துக்கு முன்பே திருத்திக்கொண்டுவிட்டது. 2001ஆம் வருடத்து வாக்கியத்தை இன்னமும் ஒரு வரவேற்பறையில் நோயாளியின் மகனிடம் சொல்லிப் பணம் கேட்கிறார்கள்.

மார்ச் 9

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஒன்று. இதயத்தில் செல் போட்ட சில எலிகளுக்கு உண்மையிலேயே இதயம் கொஞ்சம் நன்றாகத் துடித்தது. அது ஏன்? 2019 நவம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டியிலிருந்து ஒரு விடை வந்தது. மஜ்ஜை செல்லை உயிரோடு போட்டாலும் பலன், கொன்று போட்டாலும் பலன், செல்லே இல்லாமல் ஈஸ்ட்டின் சுவரிலிருந்து எடுத்த ஒரு பொருளைப் போட்டாலும் பலன். உடலின் மேக்ரோஃபேஜ்கள் அந்த இடத்துக்கு வந்து தழும்பைச் சீர் செய்ததுதான் விஷயம். மீண்டும் மேக்ரோஃபேஜ்.

மார்ச் 9, மாலை

ஆட்டுக்கால் சூப்பு பற்றி இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். நல்லி எலும்பை உறிஞ்சினால் நம் மஜ்ஜை ஊறாது. கொதித்த பாத்திரத்தில் எந்தச் செல்லும் உயிரோடு இல்லை, இருந்தாலும் வயிறு செரித்துவிடும். கொழுப்பு, கொஞ்சம் ஜெலட்டின், ருசி. பசிக்காத நோயாளி அதையாவது குடிக்கிறார் என்றால் கொடுங்கள். புண் ஆற வேண்டியவருக்கு முட்டை, பருப்பு, மீன் அதிகம் உதவும்.

மார்ச் 12

எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டு பற்றிக் கேட்டவருக்கு விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் மஜ்ஜை நேரடியாக வேலை செய்யும் இடம் உடைந்த எலும்புதான்.

தோல் தழும்போடு ஆறும். அந்தத் தழும்பு எவ்வளவு முதிர்ந்தாலும் பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாது. எலும்பு அப்படியில்லை, தழும்பில்லாமல் எலும்பாகவே கூடும். உடைந்த இடத்தில் கட்டும் ரத்தக் கட்டிக்குள் எலும்புறையிலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் முன்னோடிச் செல்கள் வந்து, முதலில் குருத்தெலும்பு, பிறகு எலும்பு என்று பாலம் போடும். மஜ்ஜையில் எலும்பாகக்கூடிய செல் இருப்பதை 1960களில் சோவியத் ஆய்வாளர் ஃப்ரீடன்ஸ்டைன் கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பு இன்றுவரை நிற்கிறது.

அதனால்தான் கூடாத எலும்புக்கு மஜ்ஜை ஊசி என்பதை நான் தள்ளிவிட மாட்டேன். பாரிசில் எர்னிகு 2005இல் வெளியிட்ட ஆய்வில் முழங்காலுக்குக் கீழ் எலும்பு கூடாத 60 பேருக்கு இடுப்பு மஜ்ஜையைச் செறிவாக்கிச் செலுத்தினார்கள், 53 பேருக்குக் கூடியது. கூடாத ஏழு பேருக்குப் போன முன்னோடிச் செல்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. செல் எண்ணிக்கைக்கும் பலனுக்கும் தொடர்பு தெரிகிறது, செல்லும் தன் சொந்த வேலையைத்தான் செய்கிறது. ஒப்பீட்டுக் குழு இல்லை என்பது இதன் குறை. எலும்பு மருத்துவர் சொல்லி, முறையான ஆபரேஷன் தியேட்டரில் செய்தால் எனக்கு மறுப்பில்லை.

புத்தூர் கட்டு: அசையாமல் கட்டினால் நேரான எளிய முறிவு கூடும், அதில் அதிசயம் இல்லை. இறுக்கிக் கட்டி விரல் கறுத்துப்போய் வந்த பிள்ளைகளை அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். கட்டிய பிறகு விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ அந்த நிமிடமே கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மார்ச் 13

காலுக்கு வருவோம். "கால் ரத்த ஓட்டத்துக்கு மஜ்ஜை செல் போட்டுப் பலன் கண்டதாகக் கட்டுரை இருக்கிறதே" என்று ஒருவர் சுட்டிக் காட்டியிருக்கிறார். இருக்கிறது. 2002இல் ஜப்பானிலிருந்து வந்த சிறு ஆய்வு நம்பிக்கை தந்தது. அதன் பிறகு நெதர்லாந்தில் யுவென்டாஸ் என்ற ஆய்வில் காலில் ரத்தம் சரியாக ஓடாத 160 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு மஜ்ஜை செல், இன்னொரு பிரிவுக்குப் போலி மருந்து, யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்தார்கள். 2015இல் முடிவு வந்தது. கால் எடுக்க வேண்டிவந்தவர்களின் எண்ணிக்கையில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. புண், வாழ்க்கைத் தரம் போன்றவை இரண்டு பிரிவிலும் முன்னேறின.

போலி மருந்து வாங்கியவர்களுக்கும் முன்னேற்றம்! அடிக்கடி வரச் சொல்லி, டிரெஸ்ஸிங் மாற்றி, அக்கறையாகப் பார்த்தால் கால் தேறுகிறது. ஒப்பீடு இல்லாமல் "எங்களிடம் வந்த இவருக்கு ஆறியது, இதோ போட்டோ" என்று காட்டுவதில் ஏன் ஒன்றும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. பக்கவாதம் வந்த 120 பேருக்கு ஐந்து மருத்துவமனைகளில் செய்து, 2014இல் எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்டார்கள்: தீங்கில்லை, பலனும் இல்லை. பலன் இல்லை என்பதை மறைக்காமல் வெளியிட்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மார்ச் 13, இரவு

விடுபட்டது: பியூர்கர் நோய்க்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பீடி, சிகரெட்டால் கை கால் ரத்தக் குழாய் அடைக்கும் நோய், இளம் ஆண்களுக்கு வரும். கொடையாளிகளின் மஜ்ஜையிலிருந்து வளர்த்தெடுத்த செல்களால் பெங்களூருவில் உருவாக்கிய ஸ்டெம்பியூசெல் என்ற மருந்துக்கு 2016இல் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது, கெண்டைக்கால் தசையில் போடுவார்கள். உங்கள் அப்பாவின் சர்க்கரைப் புண்ணுக்கு இது பொருந்தாது.

இன்னொன்று. அப்பாவின் மஜ்ஜையும் இருபது வருடம் சர்க்கரையில் ஊறியதுதான். சர்க்கரை நோயாளிகளின் மஜ்ஜை முன்னோடிச் செல்களை ரத்தத்துக்குச் சரியாக விடுவதில்லை என்று இத்தாலியின் பதுவாவில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோயில் இருக்கும் மஜ்ஜையை இடுப்பிலிருந்து எடுத்து அதே ஆளின் பாதத்தில் போடுவதால் நோய் மாறாது.

மார்ச் 16

அந்த மையத்தில் கேட்க வேண்டியது என்ன என்று தம்பி கேட்டிருக்கிறார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி, ஸ்டெம் செல் சிகிச்சையாக ஏற்கப்பட்டிருப்பது ரத்த நோய்களுக்கும் அதுபோன்ற சிலவற்றுக்கும் செய்யும் மஜ்ஜை மாற்றுதான். தனி அனுமதி பெற்ற மருந்து தவிர மற்றது எல்லாம் பதிவு செய்த ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆகவே சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடு) பதிவு எண் கேளுங்கள். எண் கொடுத்தால், ஆய்வுக்கு எதற்குப் பணம் என்று கேளுங்கள். ஆய்வில் சேர்பவரிடம் அந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. இந்த இரண்டு கேள்வியே போதும்.

மார்ச் 16, சற்றுக் கழித்து

அப்பாவுக்குச் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். காலில் ரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பாருங்கள். அடைப்பு இருந்தால் அதைத் திறக்காமல் எந்த மருந்தும் போய்ச் சேராது. எக்ஸ்ரே எடுத்து எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலுக்கு அடியில் என்றால் நடக்கும்போதெல்லாம் உடல் எடை முழுக்க அங்கேதான் விழுகிறது. அந்த எடையை எடுக்காமல் புண் ஆறாது. மாவுக்கட்டு மாதிரி ஒன்று போட்டு எடையைப் பாதம் முழுவதும் பரப்புவார்கள். ஆறிய பிறகு வாழ்நாள் முழுக்க எம்சிஆர் என்ற மென்மையான ரப்பர் செருப்பு, வீட்டுக்குள்ளும். இதற்கு அரசு மருத்துவமனையிலேயே வழி உண்டு.

என் மச்சானுக்கு நடந்தது மே மாதம் மயிலாப்பூரில். கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றியிருக்கிறார். மற்றவர்கள் கல் சுடுகிறது என்று நிழலுக்கு ஓட, இவர் மட்டும் நிதானமாக நடந்து வந்தார். உணர்ச்சி இல்லாத கால். கோயிலை விட்டு வந்ததும் மாட்டிக்கொண்ட சாக்ஸை வீட்டில் கழற்றும்போது தோல் அதோடு உரிந்து வந்ததைப் பார்த்துத்தான் என் தங்கை கத்தினாள். வெயில் காலம் வருகிறது, தயவுசெய்து அப்பாவைக் கோயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் கூட்டிப் போங்கள்.

மார்ச் 21

"மஜ்ஜையால் பயனே இல்லை என்கிறாரா இவர்?" என்று யாரோ எழுதியிருப்பதைப் பார்த்து மனது கஷ்டப்பட்டது. மஜ்ஜை மாற்றால் உயிரோடு வீட்டுக்குப் போன பிள்ளைகளின் ஸ்லைடுகளைப் பார்த்தவன் நான். டொனால் தாமஸுக்கு 1990இல் நோபல் கொடுத்தது அதற்காக. நம் பக்கம் வேலூர் சிஎம்சியில் 1986லிருந்து செய்கிறார்கள். ரத்தப் புற்று, தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா, இவற்றுக்கு மஜ்ஜை உயிர்.

புண் விஷயத்திலும் ஒரு மஜ்ஜை மாற்று உண்டு. தொட்டாலே தோல் உரியும் பரம்பரை நோயுள்ள குழந்தைகளுக்கு அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மஜ்ஜை மாற்றி, தோலில் இல்லாத கொலாஜன் ஓரளவு வந்ததாக 2010இல் வெளியிட்டார்கள். ஆபத்தும் அதிகம், அந்த முயற்சியில் குழந்தைகள் இறந்தும் இருக்கிறார்கள். மஜ்ஜையிலிருந்து தோலுக்கு ஒன்றுமே போகாது என்று முடித்துவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

மார்ச் 22

மஜ்ஜை தானம் செய்தால் முதுகுத்தண்டு பாதிக்குமா என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். பாதிக்காது, அம்மா. முதுகுத்தண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இப்போது பெரும்பாலும் இடுப்பில்கூட எடுப்பதில்லை. ஐந்து நாள் ஒரு ஊசி போட்டால் ஸ்டெம் செல்கள் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறங்கும். ஒரு கை நரம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் பிரித்து, மறு கையில் திருப்பி விடுவார்கள், சில மணி நேர வேலை. ஊசி போடும் நாட்களில் உடம்பு வலி இருக்கும், காய்ச்சல் வந்த மாதிரி. கொடுத்த செல்கள் சில வாரத்தில் ஊறிவிடும்.

உடன்பிறந்தவரோடு பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். மற்றவர்களில் பலர் முகம் தெரியாத கொடையாளியை நம்ப வேண்டியிருக்கும். சென்னையிலேயே தாத்ரி என்ற கொடையாளர் பதிவகம் 2009லிருந்து இருக்கிறது, பதிவு செய்யக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் போதும். ஆனால் பதிவு செய்வதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். பொருத்தம் கிடைத்து, நோயாளியைத் தயார்ப்படுத்த ஆரம்பித்த பிறகு கொடையாளியின் வீட்டார் தடுத்துப் பின்வாங்கினால் அந்த நோயாளியின் உயிருக்கே ஆபத்து, அவருடைய பழைய மஜ்ஜையை அதற்குள் மருந்து அழித்திருக்கும்.